காம்பவுண்டா, ஐசொலேஷனா? - ஒரு கவரைப்பேட்டை கணக்கு

காம்பவுண்ட் என்றால் எங்கள் ஊரில் சுவர். ஐசொலேஷன் என்றால் 2020-இல் எல்லோரும் பயந்த கொரோனா வார்டு. ஜிம்முக்குள் போனால் இந்த இரண்டு வார்த்தைக்கும் வேறு அர்த்தம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. "நமக்கும் ஜிம்முக்கும் ரொம்ப தூரம்பா"ன்னு எஸ்கேப் ஆகப் பார்க்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. உங்க வீட்டுல முட்டியைப் பிடிச்சுக்கிட்டே எழுந்திருக்கிற அம்மாவோ அப்பாவோ இருந்தா, கடைசிப் பகுதி உங்களுக்காகத்தான்.

முதலில் விளக்கம். ஒரே ஒரு மூட்டு மட்டும் அசைந்தால் அது ஐசொலேஷன். டம்பெல்லைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுகிற பைசெப்ஸ் கர்ல், மெஷினில் உட்கார்ந்து முட்டியை நீட்டுகிற லெக் எக்ஸ்டென்ஷன் எல்லாம் இந்த ஜாதி. ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகள் சேர்ந்து அசைந்தால் காம்பவுண்ட். ஸ்குவாட்டில் இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் வேலை செய்யும். பெஞ்ச் பிரஸ்ஸில் தோளும் முழங்கையும்.

பொட்டி தட்டும் சகாக்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம். ஐசொலேஷன் என்பது யூனிட் டெஸ்ட். காம்பவுண்ட் என்பது இன்டக்ரேஷன் டெஸ்ட். ஒவ்வொரு மாட்யூலும் தனித்தனியா பச்சை விளக்கு காட்டும், சேர்த்து ஓட்டினா மொத்தமும் படுத்துக்கும். இதைப் பார்க்காத ஆளே நம்ம தொழிலில் கிடையாது :-)

நம் ஊர்ப் பழைய உடற்பயிற்சிகளை யோசித்துப் பாருங்கள். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுற்றுவது, இளவட்டக்கல் தூக்குவது. எல்லாமே காம்பவுண்ட். நெல்லைப் பக்கம் வடலிவிளையில் பொங்கல் சமயத்தில் இன்றும் இளவட்டக்கல் போட்டி நடக்கிறது. உருண்டைக் கல்லைக் குனிந்து அள்ளி, தொடையில் ஏற்றி, நெஞ்சில் அணைத்து, தோளுக்குக் கொண்டுபோக வேண்டும். அதில் பைசெப்ஸுக்கு எவ்வளவு, முதுகுக்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை. கல் தோளுக்கு வந்ததா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

அப்புறம் எப்படி நம் ஜிம்களில் "திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர்" என்று பாகம் பாகமாகப் பிரித்துச் செய்கிற பழக்கம் வந்தது? என் ஊகம், இது ஆணழகன் போட்டிகளின் கொடை. அந்த மேடையில் நடுவர் "எத்தனை கிலோ தூக்குவே?" என்று கேட்பதில்லை. தசையின் அளவு, வெட்டு, இடது வலது சமச்சீர், இதைத்தான் பார்க்கிறார். தோளின் பின்பக்கம் கொஞ்சம் சப்பையாக இருந்தால் மார்க் போச்சு. அப்படிப்பட்டவருக்கு அந்த ஒரு தசையைத் தனியாகப் பிடித்து வளர்ப்பது அவசியம். அது ஒரு தனிக் கலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2008-இல் 'வாரணம் ஆயிரம்' சூர்யாவையும், 2015-இல் 'ஐ' விக்ரமையும் பார்த்துவிட்டு ஜிம்முக்கு ஓடின தலைமுறைக்கும் மனசுல பதிந்தது உருவம்தான்.

இந்தப் பக்கம் ஆணழகன் என்றால், அந்தப் பக்கம் பளு தூக்குபவர். வேலூர் சத்துவாச்சாரிக்காரர் சதீஷ் சிவலிங்கத்தை நினைவிருக்கிறதா? 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம். ஸ்னாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ. 2018 கோல்ட் கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம், 144-உம் 173-உமாக 317 கிலோ. பளு தூக்கும் போட்டியில் இருப்பதே இந்த இரண்டு தூக்கல்கள்தான். இரண்டுமே கணுக்காலில் ஆரம்பித்து உள்ளங்கையில் முடிகிற முழு உடம்பு வேலை. காம்பவுண்டின் உச்சம் என்று சொல்லலாம்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். 2018-இல் அவர் மேடை ஏறியது தொடைத் தசைக் காயத்தோடு. முன்தொடையில் ஒரே ஒரு தசைக் கூட்டம் மக்கர் செய்ததற்கே, பதக்கம் கிடைக்குமா என்கிற சந்தேகம் அவருக்கே இருந்தது. முழு உடம்பும் சேர்ந்து செய்கிற வேலைதான், ஆனால் ஒரு இணைப்பு பலவீனமானால் மொத்தச் சங்கிலியும் ஆடிப்போகும். இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

இப்போது நம்ம ஊர். கவரைப்பேட்டை என்று சொன்னால், "ஓ, அந்த ரயில் விபத்து நடந்த ஊரா?" என்கிறார்கள். 2024 அக்டோபர் 11 இரவு, லூப் லைனில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது எங்கள் ஊரில்தான். அதற்கு முன்னால் ஊரைத் தெரிந்தவர்கள் இரண்டே வகை. இங்கே இன்ஜினியரிங் படித்தவர்கள், சிறுவாபுரி முருகனைப் பார்க்க வந்தவர்கள். மற்றபடி சென்ட்ரல் - கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொன்னேரிக்கு அடுத்த ஸ்டேஷன். சென்ட்ரலிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். எனக்கு ஆபீஸ் தரமணியில். வாரத்தில் நாலு நாள் இங்கிருந்து சென்ட்ரல், அங்கே மாறி பறக்கும் ரயில், அப்புறம் நடை. போக வர நாலு மணி நேரம். ஆபீஸில் ஒன்பது மணி நேரம் ஆணி பிடுங்கல். ஆக ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம், பெரும்பாலும் உட்கார்ந்தே.

ரயிலை விட்டு இறங்கி, மாடியில் இருக்கும் எங்கள் ஜிம்முக்கு வந்து சேரும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். பத்து மணிக்கு ஷட்டர். துணி மாற்றி, உடம்பைச் சூடாக்கினது போக கையில் இருப்பது 40 நிமிடம். அதுவும் வாரத்தில் மூன்று நாள்.

இந்த 40 நிமிடத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு பயிற்சிக்கு மூன்று செட், நடுவில் மூச்சு வாங்க இரண்டு நிமிடம் என்று வைத்தால் ஒரு பயிற்சிக்குப் பத்து நிமிடம். நாலு பயிற்சி செய்யலாம். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங், இடுப்பை மடக்கி எழும் டெட்லிஃப்ட் வகையில் ஒன்று. நாலே பயிற்சியில் தொடை, பின்தொடை, புட்டம், முதுகு, மார்பு, தோள், கை எல்லாம் ஏதோ ஒரு அளவுக்கு வேலை செய்துவிடும். இதையே ஐசொலேஷனில் செய்வதாக இருந்தால் மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, தோள், பைசெப்ஸ், ட்ரைசெப்ஸ், முன்தொடை, பின்தொடை, புட்டம், கெண்டைக்கால் என்று ஒன்பது பயிற்சி. ஓய்வைக் குறைத்து ஒன்றுக்கு ஏழு நிமிடம் என்றாலும் 63 நிமிடம். மாஸ்டர் ஷட்டரை என் தலை மேலேயே இறக்கிடுவார்.

"அதுக்குத்தானே நாளுக்கு ஒரு பாகம்னு பிரிக்கிறோம்" என்பீர்கள். ஆறு நாளும் தவறாமல் வருகிறவருக்குச் சரி. ரிலீஸ் ஒரு நாள், கல்யாணம் ஒரு நாள், ரயில் முன்னே பின்னே ஆனால் இன்னொரு நாள் என்று இருக்கும் ஆளுக்கு, தவறவிட்ட கிழமையோடு அந்தப் பாகமும் போய்விடும். வியாழன் லெக் டே என்றால், வியாழன் வராத வாரத்தில் காலே கிடையாது. முழு உடம்பாகப் பிரித்து வைத்தால் ஒரு நாள் போனாலும் எல்லா பாகத்துக்கும் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையிலும் இதுதான் கணக்கு. பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது, முக்கியத் தசைக் கூட்டங்கள் அனைத்துக்கும் வேலை தரும் பயிற்சியைச் செய்ய வேண்டும்.

சரி, நேரக் கணக்கில் காம்பவுண்ட் ஜெயித்துவிட்டது. தசைக் கணக்கில்? இங்கேதான் சுவாரஸ்யம்.

2015-இல் பிரேசிலில் ஒரு ஆய்வு வந்தது. எடைப் பயிற்சியே செய்திராத இளைஞர்கள் 29 பேர். ஒரு குழுவுக்கு பைசெப்ஸ் கர்ல் மட்டும். இன்னொரு குழுவுக்கு மேலிருந்து கம்பியை இழுக்கும் லாட் புல்டவுன் மட்டும். வாரம் இரண்டு நாள், 10 வாரம். முழங்கையை மடக்கும் தசையின் பருமன் இரண்டு குழுவிலும் சுமார் 6 சதவீதம் கூடியது. வித்தியாசம் இல்லை. "பாத்தியா, கர்லே வேண்டாம்!" என்று காம்பவுண்ட் கட்சி விசில் அடித்தது.

ஆனால் அதே பிரேசிலிலிருந்து பின்னர் வந்த இன்னொரு ஆய்வு வேறு கதை சொன்னது. பத்து பேர், ஒரு கைக்கு கர்ல், மறு கைக்கு டம்பெல் ரோ, 8 வாரம். கர்ல் செய்த கையில் சுமார் 11 சதவீதம், ரோ செய்த கையில் சுமார் 5 சதவீதம். இப்போது விசில் எதிர்க்கட்சியில் :-)

இரண்டுமே சின்ன ஆய்வுகள், புதியவர்கள் மேல் நடத்தியவை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இது: காம்பவுண்ட் எல்லாவற்றையும் வளர்க்கும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவில் வளர்க்காது.

ஏன் என்பதற்கு ஜப்பானில் 2019-இல் செய்த ஸ்குவாட் ஆய்வு நல்ல உதாரணம். 10 வாரம் ஸ்குவாட் செய்தவர்களுக்கு முன்தொடையின் பெரும்பகுதி வளர்ந்தது. ஆனால் பின்தொடைத் தசைகள் வளரவில்லை, முன்தொடையின் நடுவே ஓடும் ஒரு தசையும் வளரவில்லை. காரணம் இயந்திரவியல். பின்தொடைத் தசை இடுப்பு, முட்டி இரண்டையும் தாண்டி ஓடுகிறது. ஸ்குவாட்டில் எழும்போது இடுப்புப் பக்கம் அது சுருங்க, முட்டிப் பக்கம் நீள, மொத்த நீளம் பெரிதாக மாறுவதே இல்லை. முன்தொடை நடுத் தசைக்கும் இதே கதை, தலைகீழாக. ரெண்டு மேனேஜருக்கு நடுவுல மாட்டினவன் மாதிரி, இங்கே இழுத்தா அங்கே விடணும். அந்தத் தசைகளை வளர்க்க முட்டியை மட்டும் மடக்கும் லெக் கர்ல், முட்டியை மட்டும் நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷன் போன்றவை தேவைப்படுகின்றன.

இன்னொரு பக்கம், 2017-இல் இத்தாலியில் 36 இளைஞர்களை வைத்து 8 வாரம் பார்த்தார்கள். தூக்கும் மொத்த எடையை இரு குழுவுக்கும் சமமாக வைத்தார்கள். கொழுப்பு குறைவதிலும் தசை கூடுவதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் காம்பவுண்ட் குழுவுக்கு 12.5 சதவீதம் கூடியது, ஐசொலேஷன் குழுவுக்கு 5.1 சதவீதம். பலமும் காம்பவுண்ட் குழுவுக்கே அதிகம். அதாவது வெறும் சதைக்கு எதைச் செய்தாலும் ஓரளவு சரி. உடம்பு மொத்தமாக வேலை செய்யணும்னா, மொத்தமாக வேலை வாங்கணும்.

இப்படி எல்லாம் படித்துவிட்டு ஜிம்முக்குப் போனால் அங்கே ஒரு லோடுமேன் அண்ணன். சிப்காட் பக்கம் ஒரு கிடங்கில் லாரியில் மூட்டை ஏற்றுகிறார். ராத்திரி வந்து கர்ல் மட்டும் அடிப்பார். கொஞ்சம் ட்ரைசெப்ஸ், கொஞ்சம் தோள். ஸ்குவாட் ராக் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஒருநாள் பேச்சுவாக்கில் "அண்ணே, நீங்க ஸ்குவாட் பண்றதில்லையா?" என்று கேட்டேன்.

"இன்னா தம்பி நீ, காலையிலேர்ந்து மூட்டையோட குந்திக் குந்தி எழுந்துட்டு வரேன். இங்கேயும் வந்து குந்தச் சொல்றியே. அதுக்கு நான் ஓவர்டைம் பாக்கலாமே, துட்டாவது வரும்."

யோசித்துப் பார்த்தால் மனுஷன் கச்சிதமாகத் திட்டம் போட்டிருக்கிறார். அவருடைய காம்பவுண்ட் செட்டெல்லாம் பகலிலேயே முடிந்துவிடுகிறது, சம்பளத்தோடு. குனிந்து தூக்கி முதுகும் இடுப்பும் களைத்த ஆளுக்கு ராத்திரி இன்னும் நூறு கிலோவைத் தோளில் வைப்பது பயிற்சி அல்ல, தண்டனை. மூட்டை தூக்குவதில் வேலை வராத தசைகளுக்குக் களைப்பு ஏறாமல் கொஞ்சம் வேலை கொடுக்க அவருக்கு ஐசொலேஷன்தான் சரி. நாள் முழுக்க நாற்காலியைத் தேய்க்கிற எனக்கு நேர்மாறு. ஒரே ஜிம், ஒரே ராத்திரி, பக்கத்துப் பக்கத்து பெஞ்ச், ரெண்டு பேருக்கும் விடை வேற. "எது பெஸ்ட்?" என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. "மீதி இருபத்துமூணு மணி நேரமும் உன் உடம்பு என்ன பண்ணுது?" என்று முதலில் கேட்கணும்.

கடைசியாக எங்கள் வீட்டு விஷயம். மேலே ஞாபகம் வச்சுக்கச் சொன்ன பலவீனமான இணைப்பு இங்கேதான் வருகிறது.

அம்மாவுக்கு 58 வயது. வலது முட்டியில் தேய்மானம். சிறுவாபுரி முருகனுக்குத் தொடர்ந்து ஆறு செவ்வாய்க்கிழமை போனால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. வாடகை வீட்டில் இருக்கும் அம்மா வேண்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். நாலு வாரம் முடிந்தது. ஐந்தாவது வாரம் முட்டி வீங்கி, கட்டிலை விட்டு எழவே கைத்தாங்கல் வேண்டியதாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை வரிசை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். விட்டுப்போனதில் அம்மாவுக்கு முட்டி வலியை விட மன வலிதான் பெரிசு. எனக்கு சாமி பக்கத்தில் அவ்வளவு ஞானம் கிடையாது. ஆனால் 58 வயதில் ஒருத்தர் "இனிமே என்னால முடியாதுடா" என்று சொல்ல ஆரம்பித்தால், அது கோயிலோடு நிற்காது என்று தெரியும். அடுத்து கடைத்தெரு, அடுத்து மாடிப்படி, அடுத்து வாசல்.

பொன்னேரியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவைப் பரிசோதித்துவிட்டு ஆரம்பித்தது முழுக்க ஐசொலேஷன். முட்டிக்கு அடியில் டவலைச் சுருட்டி வைத்து, முட்டியால் அதை அழுத்தி ஐந்து நொடி பிடிக்கணும். படுத்தபடி காலை மடக்காமல் தூக்கணும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டணும். கணுக்காலில் கட்ட எடை வேண்டும் என்றதும், ஒரு கிலோ துவரம்பருப்பைத் துணிப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டார்கள்.

"எழுந்து நடக்கத்தான் கஷ்டம். அதைப் பழகாம ஏன் படுத்துக்கிட்டுப் பண்ணணும்?" என்று அவரிடமே கேட்டேன். அவர் சொன்ன காரணம் அருமை. மூட்டு வலித்து வீங்கும்போது, அதைச் சுற்றியுள்ள தசைக்கு மூளையே கட்டளையைக் குறைத்துவிடுகிறது. முன்தொடைத் தசை வேலையில்லாமல் சூம்புகிறது. இந்த நிலையில் நேராக எழுந்து உட்காரச் சொன்னால் உடம்பு தில்லாலங்கடி வேலை செய்யும். நல்ல காலில் எடையைப் போட்டு, கையை ஊன்றி, எப்படியோ எழுந்துவிடும். வேலை நடந்த மாதிரி இருக்கும், பலவீனமான தசைக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அதனால் முதலில் அந்தத் தசையைத் தனியாக எழுப்பணும்.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, "வேலை செய்யாதவனுக்கு லீவு, செய்யறவன் தலையில ரெண்டு பங்கு. உங்க ஆபீஸ் மாதிரிதானேடா?" என்றார்கள். பொட்டி தட்டுற புள்ளையைப் பெத்தவங்களாச்சே.

ஆறு வாரம் கழித்து காம்பவுண்ட் ஆரம்பமானது. உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. இது ஸ்குவாட்தான், பெயர்தான் வேறு. முதலில் நாற்காலி மேல் ரெண்டு தலையணை, அப்புறம் ஒன்று, இப்போது தலையணை இல்லாமல் எட்டு முறை. துவரம்பருப்பு குழம்புக்குத் திரும்பிப் போய்விட்டது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவது இன்னும் வரவில்லை. வருமா என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் கட்டிலிலிருந்தும் ரயில் சீட்டிலிருந்தும் தானாக எழ முடிகிறது.

ஆக, என் முடிவு. பெரும்பாலானவர்களுக்கு, குறிப்பாக நேரம் இல்லாத உட்கார்ந்த பிழைப்புக்காரர்களுக்கு, அஸ்திவாரம் காம்பவுண்ட். ஏனென்றால் வாழ்க்கை நம்மிடம் கேட்பது எல்லாமே காம்பவுண்ட்தான். எழுவது, குனிவது, தூக்குவது, சுமந்து நடப்பது. ஐசொலேஷன் என்பது எந்த இணைப்பு நழுவுகிறதோ அதைப் பிடித்து இறுக்கும் ஸ்பானர். வெறும் ஸ்பானரை வைத்து வண்டி ஓட்ட முடியாது, ஸ்பானரே இல்லாமலும் ரொம்ப தூரம் போக முடியாது. நான் நாலு காம்பவுண்ட் முடித்து, ஷட்டருக்கு முன்னால் ஐந்து நிமிடம் மிச்சமிருந்தால் ஒரு லெக் கர்ல். அவ்வளவுதான் என் அட்டவணை.

அம்மா நேற்று காலண்டரை எடுத்து செவ்வாய்க்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாதாம், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணணுமாம். "பரவால்லடா, ஆறுதானே" என்றார்கள்.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, டிரெயினரும் இல்லை, வெறும் பி.இ. முட்டி, முதுகு வலி இருக்கிறவங்க இதைப் படிச்சிட்டு நேரா துவரம்பருப்பைக் கட்டிக்காதீங்க. முதல்ல மருத்துவர்கிட்ட காட்டுங்க. மத்தவங்க, உங்க மீதி இருபத்துமூணு மணி நேரம் எப்படிப் போகுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, பேசுவோம்.